எதிர்காற்றில் ஆறு: ஒரே ஒரு ஹோலின் நிகழ்வு ஆய்வு

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் எத்தனை குறைந்த வீச்சுகளில் முடியுமோ அத்தனையில் போடும் ஆட்டம். இது ஒரு பார் 3 ஹோல், அதாவது மூன்று வீச்சில் முடிக்க வேண்டியது. முதல் வீச்சை எறியும் டீ பேடிலிருந்து கூடை 92 மீட்டர். நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. காற்றில்லாத நாளில் நண்பர் இதைச் சாதாரணமாக மூன்றில் முடிப்பார், கை வந்தால் இரண்டில். அன்று அவருக்கு ஆறு ஆனது. அதே குழுவில், அதே காற்றில், அவரைவிட இருபது மீட்டராவது குறைவாக வீசும் தோழி மூன்றில் முடித்துவிட்டு நின்றார். நான் குழுவில் மூன்றாவது ஆள். ஸ்கோர் எழுதும் வேலை என்னுடையது.

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் பேச்சு உடனே பைக்குள் போய்விடும். எந்த டிஸ்க், எத்தனை கிராம், எவ்வளவு ஓவர்ஸ்டேபிள் (வலது கைக்காரர் எறிந்தால் வலப்பக்கம் சாயாமல், முடிவில் இடப்பக்கம் வளையும் குணம்) என்று. தேவையான பேச்சுதான். ஆனால் இந்த ஆறை வீச்சு வீச்சாகப் பிரித்துப் பார்த்தால், பாருக்கு மேல் போன மூன்றில் டிஸ்க் தேர்வு தின்றது ஒரு வீச்சைத்தான். மற்ற இரண்டும் போனது கூடைக்குப் பக்கத்தில், மெதுவாக எறிந்த இடங்களில். அங்கேதான் காற்று அவரை வைத்துச் செய்தது.

களமும் காற்றும்

கூடை ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தரை சரிந்து இறங்கும். வலது பக்கம் நெடுக ஒரு பாதை. டிஸ்க் முழுவதும் அதில் போய் நின்றுவிட்டால் ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே. இடது பக்கம் வெறும் புல்வெளி, எவ்வளவு விலகினாலும் அபராதம் இல்லை.

வானிலை முன்னறிவிப்பு மணிக்கு 20 கி.மீ. காற்று என்றது. காற்றின் பலத்தை எண்ணால் சொல்லும் போஃபோர்ட் அளவுகோலில் அது நான்காம் எண்ணின் தொடக்கம்: புழுதியும் காகிதமும் கிளம்பும், சிறு கிளைகள் ஆடும். திசை கூடைப் பக்கமிருந்து டீ பேடை நோக்கி, கொஞ்சம் இடது முன்பக்கத்திலிருந்து. நல்ல எதிர்காற்று.

முன்னறிவிப்பு சொல்லும் இந்தக் காற்று தரையில் வீசும் காற்று இல்லை என்பது பலருக்கும் உறைப்பதில்லை. வானிலைத் துறையினர் காற்றை அளப்பது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில். உலகம் முழுக்க அதுதான் முறை. தரையை நெருங்க நெருங்க உராய்வால் காற்று தளரும். சமவெளிக்குப் பயன்படும் ஒரு தோராயக் கணக்குப்படி, 10 மீட்டரில் இருக்கும் வேகத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம்தான் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆக, 10 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 5.6 மீட்டர் (மணிக்கு 20 கி.மீ. என்பது அதுதான்) என்றால் இடுப்பு உயரத்தில் 4 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இடுப்பு உயரத்தில் வெறும் காற்றின் அழுத்தம் மேலே இருப்பதில் பாதிதான். உயரத்தைக் குறை என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இன்னொரு கணக்கும் வேண்டும். டிஸ்க்கைத் தூக்கும் விசையும் தடுக்கும் விசையும், டிஸ்க்குக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தில் கூடும். தரையைப் பொறுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது டிஸ்க்குக்குத் தெரியாது. தன்மேல் எவ்வளவு காற்று பாய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீச்சாகப் பார்ப்போம்.

முதல் வீச்சு: டீயிலிருந்து பாதைக்கு

நண்பர் வலது கைக்காரர், கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் பேக்ஹேண்ட். எடுத்தது இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் டிஸ்க். அதன் பறப்பு எண்கள் 6, 5, -2, 1. வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட் என்ற வரிசையில். டர்ன் என்பது வேகமாகப் போகும்போது சாய்வது (மைனஸ் என்றால் அவர் கைக்கு வலப்பக்கம்), ஃபேட் என்பது வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் வளைவது. நீண்ட நாள் ஆடித் தேய்ந்த டிஸ்க் வேறு, அதனால் எண்கள் சொல்வதைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலப்பக்கம் சாயும். அமைதியான நாளில் இந்த ஹோலுக்கு அவருடைய கைக்கு அளந்து தைத்த சட்டை அது. அதனால்தான் எடுத்தார்.

அவர் கையிலிருந்து டிஸ்க் நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். மேலே 5.6 மீட்டர் எதிர்காற்று சேர்ந்தால், டிஸ்க் உணர்வது 27.6. வர்க்கம் எடுத்துப் பார்த்தால் விசைகள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனால் சுழற்சி அதேதான். கை கொடுத்த சுழற்சியைக் காற்று கூட்டாது. வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் சுழலும். காற்று வேகமாகப் பாயும்போது தூக்குவிசையின் மையம் டிஸ்க்கின் பின்பாதிக்கு நகர்ந்து மூக்கை, அதாவது முன் விளிம்பை, அமுக்கப் பார்க்கும். சுழலும் பொருள் என்பதால் மூக்கு அமுங்காமல் வலது விளிம்பு தாழும். இதுதான் டர்ன். எதிர்காற்றில் எந்த டிஸ்க்கும் தன் எண்களைவிட அண்டர்ஸ்டேபிளாக, அதாவது வலப்பக்கம் அதிகம் சாய்வதாக, நடந்துகொள்வது இதனால்தான்.

"வேகமா எறிஞ்சாத்தான் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்து எறிந்தார். நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் கூடுதல் வேகம் கூடுதல் டர்னைத்தான் தந்தது. டிஸ்க் முப்பது மீட்டர் வரை நேராகப் போனது. அப்புறம் வலது விளிம்பு தாழ்ந்து இடது விளிம்பு எழுந்தது. அந்த நொடியில் டிஸ்க்கின் அடிவயிறு இடப்பக்கம் பார்த்தது. காற்றும் இடது முன்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வயிற்றைக் காட்டிய டிஸ்க்கைக் காற்று விடாது. தூக்கி எடுத்து வலது பக்கப் பாதையில் கொண்டுபோய்ப் போட்டது.

ஓபிக்கு ஓர் அபராத வீச்சு. கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து ஆடினார். கூடைக்கு இன்னும் 47 மீட்டர். கையில் இருக்கும் கணக்கு இரண்டு.

இந்த வீச்சில் தேர்வு தவறு என்பதில் சந்தேகமில்லை. டர்ன் பூஜ்யமாகவும் ஃபேட் மூன்று நான்காகவும் இருக்கும் டிஸ்க், உதாரணமாக ஃபயர்பேர்ட் (9, 3, 0, 4), அதே வேகத்தில் சாயாமல் போயிருக்கும். கொஞ்சம் ஹைசர் கோணத்தில், அதாவது இடது விளிம்பைத் தாழ்த்தி விட்டிருந்தால் இன்னும் நல்லது: அந்தக் கோணத்தில் இடப்பக்கக் காற்று டிஸ்க்கின் முதுகில்தான் விழும், கீழே அமுக்கும், தூரம் குறையும், ஆனால் பாதைக்குப் போகாது. போனாலும் இடது பக்கம் புல்வெளி. எடையும் ஒரு விஷயம். காற்று தள்ளும் விசை ஒன்றே என்றால் 150 கிராம் டிஸ்க், 175 கிராம் டிஸ்க்கைவிட ஆறில் ஒரு பங்கு அதிகமாக அசையும். அவர் டிஸ்க் கனமானதுதான்; அந்தக் குறை இல்லை.

மூன்றாவது: மெதுவாகப் போட்டது வினையானது

ஓபி ஆன கடுப்பில் இருக்கும் யாரும் செய்வதைத்தான் செய்தார். இனி வம்பு வேண்டாம் என்று கூடைக்குப் பக்கத்தில் எறியும் பட்டர் டிஸ்க்கை எடுத்து, பதமாக, உயரத் தூக்கிப் போட்டார். ஏவியார், 2, 3, 0, 1. நேராகப் போகும் நல்ல டிஸ்க். மெதுவாகப் போட்டால் ஆபத்து குறைவு என்பது அவர் எண்ணம்.

இங்கேதான் என் கருத்து பொதுவாகச் சொல்லப்படுவதிலிருந்து விலகுகிறது. காற்றில் ஆபத்து அதிகம் இருப்பது மெதுவான வீச்சில்தான். 22 மீட்டர் வேகத்தில் போன முதல் வீச்சில் எதிர்காற்று விசையை ஒன்றரை மடங்கு ஆக்கியது என்று பார்த்தோம். இந்த வீச்சு 14 மீட்டர் வேகம். நாலைந்து மீட்டர் உயரத்தில் எதிர்காற்று 5 மீட்டர் என்று வைத்தால், 14 என்பது 19 ஆகிறது, விசை 1.8 மடங்கைத் தாண்டுகிறது. காற்று கொஞ்சம் குறைவாக இருந்தும் இப்படி. வீச்சு மெதுவாக ஆக ஆக, காற்றின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும்.

டிஸ்க் எழுந்தது, மூக்கு மேலே போனது, காற்றில் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, வலப்பக்கம் வழுக்கி இறங்கியது. கூடைக்கு 18 மீட்டர் முன்னால். தாழ்வாக, மூக்கை அமுக்கி, சற்றே விசையோடு, ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கில் எறிந்திருந்தால் இந்த 47 மீட்டர் ஒரு பிரச்சினையே இல்லை.

நான்காவதும் ஐந்தாவதும்: காற்று பக்கம் மாறிய இடம்

இந்த ஹோலின் மொத்தக் கதையும் இந்த இரண்டு வீச்சுகளில்தான் இருக்கிறது.

18 மீட்டரிலிருந்து, மேட்டை நோக்கி, எதிர்காற்றில். கூடையைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்துக்கு வெளியே என்பதால் எறிந்த பின் சமநிலை காட்ட வேண்டிய விதியும் இல்லை. முன்னால் அடியெடுத்து வைக்கலாம். அதனால் தைரியமாக எறிந்தார். சங்கிலியைப் பார்த்து எறிந்தது சங்கிலிக்கு மேலே போனது. மேட்டை நோக்கி ஏறுமுகமாக விட்டதால் மூக்கு தானாகவே கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதற்கு மேல் மேட்டின் உச்சியில் காற்று எப்போதும் ஒரு படி வேகம் கூடும். கூடையின் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் 7 மீட்டர் தள்ளி விழுந்தது.

எறிவதற்குச் சற்று முன் ஒரு பெரிய வீச்சுக் காற்று வந்ததை நானும் தோழியும் கவனித்தோம். அவர் காத்திருந்திருக்கலாம். முறை வந்து, களம் சும்மா இருந்தால் எறிய 30 நொடி உண்டு என்பது இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் சங்கமான பிடிஜிஏவின் விதி. காற்றில் 30 நொடி என்பது நீண்ட நேரம். ஒரு வீச்சுக் காற்று எழுந்து அடங்க அது பெரும்பாலும் போதும். ஆட்டக்காரர்கள் இந்த நேரத்தைத் தம் மூச்சைச் சீராக்கத்தான் பயன்படுத்துகிறார்கள், புல்லைப் பார்க்கப் பயன்படுத்துவதில்லை.

இப்போது அவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். கூடையைப் பார்த்து நின்றால் காற்று முதுகில். ஏழு மீட்டர் என்பது அவர் கண்ணை மூடிக்கொண்டு போடும் தூரம்.

கணக்கைப் பாருங்கள். பட்டிங்கில், அதாவது பக்கத்திலிருந்து கூடைக்குள் போடும் வீச்சில், டிஸ்க் நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் போகிறது. இடுப்பு உயரத்துக் காற்று 4. எதிர்காற்றில் டிஸ்க் உணர்வது 13, தூக்குவிசை வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. பின்காற்றில் உணர்வது வெறும் 5, தூக்குவிசை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே கை, ஒரே டிஸ்க், ஒரே வேகம். கூடைக்கு இந்தப் பக்கம் நின்று எறிவதற்கும் அந்தப் பக்கம் நின்று எறிவதற்கும் தூக்குவிசையில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம். கூடையைத் தாண்டியதும் அவர் வேறொரு டிஸ்க்கை ஆடத் தொடங்கிவிட்டார் என்றே சொல்லலாம், கையில் இருப்பது பழையதே என்றாலும்.

அதோடு மனமும் சேர்ந்துகொண்டது. முந்தையது மேலே போய்விட்டதே என்று குறியைக் கொஞ்சம் தாழ்த்தினார். எதிர்காற்றில் அது சரியான திருத்தம், பின்காற்றில் நேர்மாறு. டிஸ்க் கையை விட்டதுமே மூக்கு குத்திக்கொண்டு இறங்கியது. கூடைத் தட்டின் வெளி விளிம்பில், தரையிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில், டங்கென்று மோதி விழுந்தது. நல்லவேளை, உருளவில்லை, மூன்று மீட்டரில் கிடந்தது. ஆறாவது உள்ளே போனது.

பின்காற்றில் பட்டிங் செய்யும்போது குறி சங்கிலியின் மேல் பட்டையில் இருக்க வேண்டும், சில நேரம் அதற்கும் மேலே. கையிலிருந்து சற்று விசையோடும் போக வேண்டும். இதைத் தனியாகச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தவறுவது, திரும்பி எறியும் அந்த ஒரு வீச்சில், முந்தைய வீச்சின் நினைவு கையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது. எதிர்காற்றில் தாண்டிப்போன ஒவ்வொரு டிஸ்க்கும் உங்களைப் பின்காற்றில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே 18 மீட்டரில் எறியும்போதே, விழாவிட்டால் எந்தக் காற்றில் நிற்பேன் என்று கேட்டிருக்க வேண்டும். அதுவும் பின்னால் சரிவு இருக்கும் கூடையில். என் பார்வையில் அந்த இடத்தில் கூடைக்கு முயல்வது தகாது. இரண்டு மூன்று மீட்டர் முன்னால் போட்டு வைத்திருக்க வேண்டும்.

இடையில் ஒன்று. பின்காற்று டிஸ்க்கை அமுக்குகிறது என்றால், மிக நீண்ட தூரச் சாதனைகள் ஏன் பின்காற்றில் நடக்கின்றன என்று கேட்கலாம். டேவிட் விகின்ஸ் ஜூனியர் 2016-ல் நெவாடாவின் பிரிம் பாலைவனத்தில் 338 மீட்டர் வீசியதும் பலத்த பின்காற்றில்தான். அங்கே டிஸ்க் புறப்படும் வேகம் மிக அதிகம். பின்காற்றைக் கழித்த பிறகும் தூக்குவிசைக்கு மிச்சம் இருக்கும். மிக உயரமாக வீசுவதால் இறங்க நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க மேல்காற்று அதைச் சுமந்து செல்லும். ஏழு மீட்டர் பட்டிங்கில் வேகமும் இல்லை, உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

தோழி எடுத்த மூன்று

இதில் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் அழகு. நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்ச் டிஸ்க், ராக்3 (5, 4, 0, 3). லேசான ஹைசர், தலை உயரத்துக்கு மேல் போகாத வீச்சு. எதிர்காற்று ஹைசரைத் தட்டையாக்கியது, கடைசியில் இடப்பக்கம் வளைந்து புல்வெளியில் 62 மீட்டரில் உட்கார்ந்தது. மிச்சம் 30 மீட்டர். அங்கிருந்து ஸோன் என்ற டிஸ்க் (4, 3, 0, 3), இடுப்பு உயரத்தில், ஏறக்குறைய தரையைத் தடவிக்கொண்டு. மேட்டின் இந்தப் பக்கச் சரிவில் மூன்று மீட்டரில் நின்றது.

அவர் கூடையைக் குறிவைத்தாரா என்று கேட்டேன். "அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு மட்டும்தான் பார்த்தேன்" என்றார்.

மூன்று மீட்டர் பட்டிங்கும் எதிர்காற்றில்தான். ஆனால் டிஸ்க் பறக்கும் நேரம் மூன்றில் ஒரு நொடி. காற்று தள்ளி ஏற்படும் விலகல் நேரத்தின் வர்க்கத்தில் கூடும். ஏழு மீட்டரில் ஏற்படும் விலகல் மூன்று மீட்டரில் ஏற்படுவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். காற்று நாளில் 'பக்கம்' என்ற சொல்லுக்கு அளவு சுருங்கிவிடுகிறது. அமைதியான நாளில் ஏழு எட்டு மீட்டர் பக்கம், அன்று மூன்று. தோழி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, மார்புக்குக் கீழிருந்து விட்டார். தாழ்வாக விட்டால் காற்று குறைவு, அகட்டி நின்றால் உடம்பு ஆடாது. விழுந்தது.

பக்கக்காற்றில் இதே மூன்று மீட்டர் இத்தனை சுலபமாக இருந்திருக்காது. எதிர்காற்றும் பின்காற்றும் டிஸ்க்கை மேலும் கீழும் ஆட்டும். சங்கிலி மேலும் கீழும் நீண்டது, அதனால் கொஞ்சம் தாங்கும். பக்கக்காற்று விளிம்பு சாய்ந்த பக்கத்தைப் பொறுத்துத் தூக்கவும் செய்யும், அமுக்கவும் செய்யும், ஒதுக்கவும் செய்யும். டிஸ்க்கைத் தட்டையாக விடுவது தவிர அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி வேறில்லை. அதுவும் எப்போதும் பலிப்பதில்லை.

மறுசுற்று

பிற்பகலில் அதே களத்தை இன்னொரு முறை ஆடினோம். காற்று தணியவில்லை. நண்பர் இந்த முறை லெப்பர்ட்டை எடுக்கவில்லை. மிட்ரேஞ்சில் தாழ்வாக எறிந்தார், 70 மீட்டர் போனது. இரண்டாவது வீச்சு கூடைக்கு 9 மீட்டர் முன்னால் நின்றது. அந்த 9 மீட்டரை முயல்வதா விடுவதா என்று கொஞ்ச நேரம் நின்றார். கையை இரண்டு முறை ஓங்கினார். பிறகு டிஸ்க்கை அரை ஆள் உயரத்தில் மிதக்கவிட்டுக் கூடையின் காலடியில் போட்டார். அடுத்ததில் நான்கு.

நான்கும் பார் இல்லைதானே, முயன்றிருந்தால் மூன்று ஆகியிருக்கலாமே என்று அவர் இன்னும் வாதாடுகிறார். எதிர்காற்றில் 9 மீட்டரை அவர் நான்கில் ஒரு முறை போடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு முறை ஒரு வீச்சு லாபம். மற்ற மூன்று முறைகளில் இரண்டிலாவது டிஸ்க் மேட்டைத் தாண்டி, பின்காற்றில் ஏழெட்டு மீட்டரில் நிற்கும். அங்கிருந்து காலையில் என்ன ஆனது என்று அட்டையில் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் லாபம் என்று ஒன்றும் தேறாது.

காலையில் ஆறு ஆனதற்குக் காரணம் ஓபிதான் என்பது அவருடைய இன்னொரு கட்சி. டிஸ்க் பாதைக்கு ஒரு மீட்டர் உள்ளே, அதே 47 மீட்டரில் நின்றிருந்தது என்று வைத்து மீதியை அப்படியே கூட்டினால் ஐந்து வருகிறது. பாதை எடுத்துக்கொண்டது ஒன்று.